பழைய ஜெட் ஸ்கீ எஞ்சினை ரீபோர் செய்ய (சிலிண்டரைக் கடைந்து சீராக்க) சேலத்தில் யாராவது இருக்கிறார்களா?

வணக்கம் நண்பர்களே, நான் சூரமங்கலம். மாமா ஆசையாக வைத்திருந்த யமஹா வேவ்ரன்னர் 650 ஜெட் ஸ்கீ (தண்ணீரில் ஓட்டுகிற ஸ்கூட்டர்), பத்து வருடமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. இப்போது வீட்டுக் கொட்டகையில் பிரித்துப் போட்டிருக்கிறேன். இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக்.

கார்புரேட்டரைத் திறந்ததும் மனசே கலங்கிவிட்டது. பெட்ரோல் வற்றி அரக்கு மாதிரி ஒட்டியிருந்தது; டயாப்ரம் வெங்காயச் சருகு போல நொறுங்குகிறது. சரி, அதற்கு கிட் வாங்கிவிடலாம். கவலையெல்லாம் கம்ப்ரஷனில்தான், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தில். முன் சிலிண்டர் 125 பிஎஸ்ஐ, பின்னது வெறும் 70. பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுப் பார்த்தேன், 95-க்கு ஏறியது. ஆயில் இடுக்கை அடைத்ததால்தான் ஏறியது என்று அப்போதே பிஸ்டன் ரிங் மேல் சந்தேகம். ஹெட்டைக் கழற்றினால், சிலிண்டர் சுவரில் நகம் தட்டுகிற அளவுக்குக் கீறல்.

ஆர்எக்ஸ் 100-க்கு ரீபோர் செய்கிற லேத் பட்டறைக்காரர்கள் இதையும் எடுப்பார்களா? சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் (வாயு போய்வரும் துளை) ஓரங்களை இழைத்துவிடத் தெரிந்தவராக வேண்டும். கூராக விட்டால் ரிங் மாட்டி உடைந்துவிடும். ஈரோடு என்றாலும் கொண்டு போகிறேன்.

அப்புறம், கரையில் வைத்து, எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஹோஸ் மாட்டி ஓட்டும்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆன பிறகே தண்ணீர் திறக்க வேண்டும், நிறுத்தும் முன் மூட வேண்டும் என்பது தெரியும். புது ரிங் போட்டபின் அப்படி எத்தனை நிமிடம் ஓட விடலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.