பதில்: டிராஃப்ட், பிக் ரெண்டுக்கும் ஒரே சொல் போதாது

எல்லாருக்கும் வணக்கம்,

கூடைப்பந்துச் சொற்கள் இழையில, அணிகள் வரிசையா வந்து புது வீரர்களை எடுக்கற டிராஃப்ட்டுக்கும், அதுல ஒரு அணிக்கு ஆளை எடுக்கக் கிடைக்கற வாய்ப்பான பிக்குக்கும் தமிழ்ல என்ன சொல்லலாம்னு இதுவரை வந்த பரிந்துரை எல்லாத்தையும் படிச்சேன். வீரர் தேர்வு, ஆள்தேர்வு, ஏலம், பங்கீடு, அப்புறம் மதுரை அண்ணன் சொன்ன உத்தி பிரித்தல். ஒவ்வொரு சொல்லையும் தனியா வெச்சுக்கிட்டு நல்லாருக்கு நல்லால்லன்னு பேசிட்டே இருந்தா முடிவு வராது, நிஜமா நடந்த ஒரு டிராஃப்ட்டை எடுத்து முழுசா தமிழ்ல எழுதிப் பார்க்கணும், எந்தச் சொல் எந்த இடத்துல உடையுதுன்னு அப்பத்தான் தெரியும். அதுக்கு அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவோட 2018 டிராஃப்ட்டை விட நல்ல உதாரணம் எனக்குத் தோணல, ஏன்னா லூக்கா டோன்சிச்சையும் ட்ரே யங்கையும் இன்னிக்கு வரைக்கும் ஜோடியாவே வெச்சு ஒப்பிடுறதுக்குக் காரணமே அந்த ஒரு ராத்திரிதான்.

ரெண்டு பேரும் வந்த வழி வேற வேற. டோன்சிச் ஸ்லோவேனியாக்காரர், லுப்லியானால 1999ல பிறந்தவர், 13 வயசுல ஸ்பெயின் கிளப் ரியல் மாட்ரிட் கூட்டிட்டுப் போயிருச்சு, 16 வயசுல சீனியர் அணிக்கு ஆடிட்டார். 2017ல ஸ்லோவேனியா ஐரோப்பிய சாம்பியன் ஆனப்ப அந்த அணியில இருந்தார், 2018ல ரியல் மாட்ரிட்டோட ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோலீக் கோப்பை, அந்த சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. ட்ரே யங் ஓக்லஹோமா மாநிலத்துல நார்மன் ஊர்ல வளர்ந்த பையன், சொந்த ஊர் யூனிவர்சிட்டிக்கே ஒரே ஒரு சீசன் ஆடினார், 2017-18. அந்த ஒரு சீசன்ல அமெரிக்கக் கல்லூரி முதல் டிவிஷன் முழுக்க புள்ளியிலயும் அவர்தான் முதல், அசிஸ்ட்லயும் (கூட்டாளி புள்ளி எடுக்கக் குடுக்கற பாஸ்) அவர்தான் முதல், அதுக்கு முன்னாடி ஒரே சீசன்ல ரெண்டையும் சேர்த்து யாரும் செஞ்சதில்ல. உயரம் ஆறடி ஒரு இஞ்ச்தான், டோன்சிச் அவரை விட அரையடி கூடுதல்.

இப்ப அந்த ராத்திரிக்கு வருவோம், 2018 ஜூன் 21, புரூக்ளின். பீனிக்ஸ் முதல் ஆளா டியான்ட்ரே ஏட்டனை எடுத்துச்சு, சேக்ரமென்டோ ரெண்டாவதா மார்வின் பேக்லியை எடுத்துச்சு, அட்லாண்டா மூணாவதா டோன்சிச், மெம்ஃபிஸ் நாலாவதா ஜேரன் ஜாக்சன், டல்லஸ் அஞ்சாவதா ட்ரே யங். அட்லாண்டா தொப்பியைத் தலையில வெச்சு மேடையேறின டோன்சிச் அட்லாண்டாவுக்கு ஒரு மேட்ச் கூட ஆடல. அட்லாண்டாவும் டல்லஸும் ஆளை மாத்திக்கிட்டாங்க, டல்லஸ் கூடவே 2019க்கான தன்னோட முதல் சுற்று பிக்கையும் அட்லாண்டாவுக்குக் குடுத்துச்சு, அந்த பிக் முதல் அஞ்சு இடத்துக்குள்ள விழுந்தா மட்டும் டல்லஸ்கிட்டயே இருக்கும்ங்கற நிபந்தனையோட. அது 2019ல பத்தாவதா விழுந்துச்சு, அட்லாண்டா அதுல கேம் ரெடிஷை எடுத்துச்சு.

இந்தப் பத்தியை 'தேர்வு'ங்கற ஒரே சொல்லை வெச்சு எழுதிப் பாருங்க. "டல்லஸ் தன் தேர்வை அட்லாண்டாவுக்குக் கொடுத்தது." எதைக் குடுத்துச்சு? ட்ரே யங்கையா, அடுத்த வருஷம் எடுக்கப்போற வாய்ப்பையா? ரெண்டையும்தான் குடுத்துச்சு, ஆனா வாக்கியம் அதைச் சொல்லாது. தமிழ்நாட்டுல தேர்வுன்னா பரீட்சைங்கற நினைப்பு வேற முன்னாடி வந்து நிக்கும், "2018 தேர்வில் மூன்றாம் இடம்"னு தலைப்பு போட்டா யாரோ மார்க் வாங்கின மாதிரி இருக்கு. இலங்கை நண்பர்கள் இயல்பா எழுதுற 'தெரிவு' இங்க ரொம்பத் தெளிவா இருக்கு, அதையே அடிச்சொல்லா எடுத்துக்கணும்னு நான் கேட்டுக்கறேன்.

'ஏலம்' கண்டிப்பா வேண்டாம். ஐபிஎல், புரோ கபடி பார்த்துப் பழகினவங்களுக்கு அதுதான் சட்டுனு புரியும்னு ஒரு வாதம் வந்துச்சு, ஆனா புரியறது தப்பா புரியும். ஏலத்துல காசு அதிகம் சொல்றவனுக்கு ஆள், டிராஃப்ட்டுல யாரும் விலையே கேக்கறதில்ல, முதல் சுற்றுல எத்தனாவது ஆளா எடுத்தாங்களோ அதை வெச்சு சம்பள அளவு முன்கூட்டியே தீர்மானமாயிருக்கும். அதோட போன சீசன்ல தோத்த அணிக்கு முன்னுரிமைங்கறது டிராஃப்ட்டோட உயிர், 2018லயே பிளேஆஃப் போகாத 14 அணிக்கும் குலுக்கல் வெச்சு, சேக்ரமென்டோ ஏழாவது இடத்துலருந்து ரெண்டாவதுக்குத் தாவுச்சு. பணக்கார அணி, ஏழை அணிங்கறதுக்கு இதுல வேலையே இல்ல. நம்ம ஆளுங்க டிராஃப்ட் பார்த்ததே இல்லன்னும் சொல்ல முடியாது, ஐபிஎல்ல சென்னை சூப்பர் கிங்ஸுக்குத் தடை விழுந்ததுக்கு அப்புறம் 2015 டிசம்பர்ல புது அணிகளான புனேவும் குஜராத்தும் மாத்தி மாத்தி ஆள் எடுத்தாங்களே, தோனி புனேவுக்கு, ரெய்னா குஜராத்துக்கு, அஸ்வின் புனேவுக்குன்னு பிரிஞ்சதை மனசு வலிக்கப் பார்த்தோமே, அது ஏலம் இல்ல டிராஃப்ட்.

உத்தி பிரித்தல் எனக்கு ரொம்பப் பிடிச்ச பரிந்துரை. கபடிக்கு முன்னாடி ஒரே பலமுள்ள ரெண்டு பசங்க ஜோடி சேர்ந்து தள்ளிப் போய் ரகசியமா பேர் வெச்சுக்கிட்டு வந்து, சூரியன் வேணுமா சந்திரன் வேணுமான்னு தலைவன்கிட்ட கேக்கறதும், அவன் சொன்ன பேருக்காரன் அந்தப் பக்கம் போறதும், மத்தவன் எதிரணிக்குப் போறதும். காசு கிடையாது, ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்ங்கறதுதான் நோக்கம், அந்த வகையில டிராஃப்ட்டோட மனசு இதுல இருக்கு. ஆனா உத்தியில தலைவனுக்கு யாரு சூரியன்னு தெரியாது, டிராஃப்ட்டுல ஒவ்வொரு பையனையும் வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பார்த்துட்டு எடுக்கறாங்க. இன்னொரு சிக்கல், இன்னிக்கு உத்தின்னா எல்லாரும் வியூகம்னுதான் படிப்பாங்க, "டல்லஸின் உத்தி"ன்னு எழுதினா அர்த்தமே திசைமாறிடும். அதனால விளக்கம் சொல்லும்போது உத்தி பிரித்தலைக் காட்டலாம், சொல்லா வெக்க வேண்டாம்.

அப்புறம் 'முறை'. இதுக்காக நான் கொஞ்சம் நேரம் செலவு பண்ணேன், ஏன்னா முறைங்கறதுதான் நம்ம மொழியில டர்னுக்கு இருக்கற நிஜமான சொல், டெல்டால முறை வெச்சுத் தண்ணி விடறோம், கோயில்ல பூசை முறை குடும்பத்துக்குக் குடும்பம் பாத்தியமா வருது, அதாவது முறைங்கறது ஒருத்தருக்குச் சொந்தமா இருக்கக்கூடிய பொருள்ங்கற நினைப்பும் நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு. பிக்குக்கு இதை விடப் பொருத்தமா என்ன வேணும்னு தோணுது இல்ல? ஆனா வாக்கியத்துல போட்டா, "அட்லாண்டா மூன்றாம் முறை டோன்சிச்சை எடுத்தது". அவ்வளவுதான், மூணு தடவை எடுத்தான்னு ஆயிடுச்சு. டிராஃப்ட் செய்தியில எண் இல்லாத வாக்கியமே அபூர்வம், எண்ணோட சேர்ந்தா உடையற சொல் நமக்கு உதவாது.

என் பரிந்துரை இதுதான். அந்த நிகழ்ச்சிக்கு வரிசைத்தெரிவு. அணிகள் வரிசையா வந்து ஆளைத் தெரிவு பண்றாங்க, அதுக்கு மேல விளக்கம் தேவைப்படாது. கையில இருக்கற, விக்கக்கூடிய, மாத்திக்கக்கூடிய அந்த பிக்குக்கு தெரிவுரிமை. வாக்குரிமை, காப்புரிமை மாதிரி அமைப்பு நமக்குப் பழக்கம், அதுலயும் காப்புரிமையை விக்கறாங்க வாங்கறாங்கன்னு பேப்பர்ல படிக்கறோம், தெரிவுரிமையையும் அப்படியே விக்கலாம் வாங்கலாம். பிக்கை வெறும் 'தெரிவு'ன்னு விட்டா என்ன குறைன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். "அட்லாண்டாவின் மூன்றாம் தெரிவு டோன்சிச்"னு எழுதிப் பாருங்க, அட்லாண்டாவுக்கு அவரை விட வேற ரெண்டு பேரைப் பிடிச்சிருந்துச்சுன்னு அர்த்தம் வருது. "மூன்றாம் தெரிவுரிமையில் டோன்சிச்சை எடுத்தது"ன்னா சந்தேகத்துக்கே இடமில்ல.

நிபந்தனையோட குடுக்கற பிக்குக்கு 'பாதுகாக்கப்பட்ட தேர்வு'ன்னு ஒரு பரிந்துரை பார்த்தேன், யாரை யார்கிட்டருந்து பாதுகாக்கறாங்கன்னே அதுல தெரியல. பத்திரம் எழுதறவங்க 'கிணறு நீங்கலாக'ன்னு எழுதுவாங்க இல்லையா, அந்த 'நீங்கலாக' நமக்கு இங்க கச்சிதமா உக்காருது: "2019க்கான, முதல் ஐந்து இடம் நீங்கலான முதல் சுற்றுத் தெரிவுரிமை". ஒரே தொடர்ல மொத்த ஒப்பந்தமும் வந்துருச்சு.

இதுக்கு இவ்வளவு மெனக்கெடணுமான்னு யாருக்காவது தோணலாம். ஒப்பீட்டுக் கட்டுரை ஒண்ணு தமிழ்ல ஒழுங்கா எழுதணும்னா மெனக்கெட்டுத்தான் ஆகணும். டோன்சிச் - யங் ஒப்பீடு வெறும் புள்ளி அசிஸ்ட் கணக்கு இல்ல. எண்ணை மட்டும் பார்த்தா டோன்சிச் மேல, அதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது, 2023-24ல மேட்சுக்கு 33.9 புள்ளி எடுத்து லீக்லயே முதல், அந்த சீசன் ஃபைனல் வரைக்கும் டல்லஸைக் கூட்டிட்டுப் போனார், 2024 ஜனவரி 26ல ஒரே மேட்ச்ல 73 அடிச்சார், அதுவும் அட்லாண்டா ஊர்லயே போய் அட்லாண்டாவுக்கு எதிரா. ஆனா யங்கைத் தோல்வின்னு எழுதறவங்க மேல எனக்குக் கோபம் வரும், 2021ல நியூயார்க்கையும் ஃபிலடெல்ஃபியாவையும் வீழ்த்தி அட்லாண்டாவை கிழக்குப் பிரிவு இறுதிக்குக் கொண்டு போனது அவர்தான், 2021-22ல லீக்ல மொத்தப் புள்ளி, மொத்த அசிஸ்ட் ரெண்டுலயும் முதல், 2024-25ல மேட்சுக்கு 11.6 அசிஸ்ட்டோட மறுபடி முதல். அட்லாண்டாவோட முடிவை எடைபோடணும்னா டோன்சிச் ஒரு தட்டு, யங்கும் அந்தப் பத்தாம் தெரிவுரிமையும் சேர்ந்து இன்னொரு தட்டு. ரெடிஷ் பெரிய ஆளா வந்திருந்தா இன்னிக்குப் பேச்சே வேற மாதிரி இருந்திருக்கும். ஆளையும் உரிமையையும் பிரிச்சுச் சொல்லச் சொல் இல்லாத மொழியில இந்த வாதத்தையே வெக்க முடியாது. 2025 பிப்ரவரியில டோன்சிச்சை டல்லஸ் லேக்கர்ஸுக்கு விட்டப்பவும் இதே கதைதான், ஆன்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டியோட லேக்கர்ஸின் 2029 முதல் சுற்றுத் தெரிவுரிமையும் கைமாறுச்சு. 2029ல வரப்போற பையன் அப்ப பள்ளிக்கூடத்துல இருந்திருப்பான், அவன் பேரே யாருக்கும் தெரியாது, ஆனா அவனை எடுக்கற உரிமை கை மாறியாச்சு.

கடைசியா ரூக்கி, அதாவது லீக்ல முதல் சீசன் ஆடற வீரர். 'புதுமுகம்' ஓடாது, 16 வயசுலருந்து காசு வாங்கி ஆடி யூரோலீக் ஜெயிச்சு வந்த டோன்சிச்சைப் புதுமுகம்னு எப்படிச் சொல்றது? அவர் 2018-19 ரூக்கி விருதை வாங்கினப்ப 100 முதலிட ஓட்டுல 98 அவருக்கு, மிச்சம் 2 யங்குக்கு. 'தெரிவாண்டு வீரர்'னும் வெக்க முடியாது, செட் ஹோம்கிரனை 2022ல எடுத்தாங்க, கால்ல அடிபட்டு அந்த சீசன் முழுக்க ஆடல, 2023ல எடுத்த விக்டர் வெம்பன்யாமாவோட சேர்த்து 2023-24ல தான் அவரும் ரூக்கி. லீக்ல ஆடற முதல் சீசன்தான் கணக்கு, அதனால முதலாண்டு வீரர்.

வரிசைத்தெரிவு, தெரிவுரிமை, நீங்கலான தெரிவுரிமை, முதலாண்டு வீரர், இந்த நாலையும் சொற்பட்டியல்ல ஏத்தலாமா? மறுப்பு இருக்கறவங்க தயவுசெஞ்சு மாற்றுச்சொல்லோட நிக்காம அதை 2018 ஒப்பந்தத்துல போட்டு ஒரு முழு வாக்கியமா எழுதி அனுப்புங்க. இலங்கை நண்பர்கள்கிட்ட தனியா ஒரு கேள்வி, அங்க சட்ட ஆவணங்கள்ல 'தெரிவுரிமை' வேற ஏதாவது பொருள்ல வழக்கத்துல இருக்கா?

அன்புடன்