நைட்ஸ் ஆஃப் த ஸோடியாக் படம் பாத்து தம்பிகிட்ட மானம் போச்சு, ஒரிஜினல எங்கேந்து காட்டறது?

காட்பாடி_பெகாசஸ்

மக்களே ஒரு பஞ்சாயத்து, வந்து தீர்த்து வைங்க. செயின்ட் செய்யான்னு ஒரு அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன் சீரியல், செய்யான்ற பையனும் அவன் கூட்டாளிங்களும் கவசம் போட்டுக்கினு அதெனா தேவிக்காக சண்டை போடற கதை, அத பத்தி வீட்ல ஓயாம பேசிக்கினு இருக்கற ஆளு நான். காலேஜ் ஹாஸ்டல்ல சீனியர் ஒருத்தர் ஹார்ட் டிஸ்க்ல சப்டைட்டிலோட வெச்சிருந்தாரு, லீவுக்கு ஊருக்கு கூட போகாம 114 எபிசோடும் உக்காந்து பாத்து முடிச்சது. என் தம்பி இப்ப பிளஸ் டூ, அவனுக்கு இந்த 1986 காலத்து டிராயிங்க பாத்தாலே கொட்டாவி வருது. சரி, அதையே நெஜ ஆளுங்கள வெச்சு நைட்ஸ் ஆஃப் த ஸோடியாக்னு எடுத்து 2023ல வந்த லைவ் ஆக்‌ஷன் படத்த மொதல்ல காட்டுவோம், புடிச்சுப் போச்சுன்னா தானா ஒரிஜினலுக்கு வருவான்னு கணக்கு போட்டேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம், வேலூர் வெயில பத்தி உங்களுக்கு சொல்லணுமா, வெளிய தலை காட்ட முடியல, பிரியாணிய முடிச்சிட்டு ரெண்டு பேரும் டிவி முன்னாடி உக்காந்தோம். அரை மணி நேரத்துல அவன் போன கைல எடுத்துட்டான். படம் முடியசொல்ல கேக்கறான், "இன்னாண்ணா, இதுக்கா இவ்ளோ நாளா குதிச்சிக்கினு இருந்தே? அஞ்சு பேரு கூட்டாளிங்கன்னு சொன்னியே, இங்க ஒருத்தன்தான் இருக்கான், இன்னொருத்தன் வில்லி பக்கம் நிக்கறான், மீதி மூணு பேரு எங்க?" என்கிட்ட பதில் இல்ல.

மேட்டர் இன்னான்னா, செய்யாவா வர்ற ஹீரோ மக்கென்யு நல்லாத்தான் பண்றான், சண்டையும் மோசம் இல்ல. அப்புறம் ஏன் மொத்தமா உப்பு சப்பில்லாம போச்சு? தம்பிக்கு ஒரிஜினல எந்த எபிசோட்லேந்து போட்டா நான் தப்பிப்பேன்? ஒண்ணாவதுலேந்து ஆரம்பிச்சா எழுந்து கிரவுண்டுக்கு போயிடுவான், அது மட்டும் உறுதி.

ராணிப்பேட்டை_ரவுண்டானா

உன் தம்பி கேட்டதுதான் கரெக்ட் கேள்வி பா. அந்த மூணு பேர எடுத்துட்டா செயின்ட் செய்யால மிச்சம் என்ன இருக்கு? ஷிர்யு, ஹ்யோகா, ஷுன், படத்துல மூணு பேருமே கிடையாது. மூலக்கதையான மங்கால, அதாவது ஜப்பான் காமிக்ஸ்ல, இவங்கல்லாம் நெஜமாவே ஒரே அப்பன் புள்ளைங்க வேற. ஒருத்தன் விழுந்தா இன்னொருத்தன் தூக்கி விடுவான், அவன் விழுந்தா அடுத்தவன், அந்த ஓட்டம்தான் கதையே. பாக்கறவன கல்லாக்கற மெடூசா கேடயத்த ஷிர்யு ஜெயிக்கறதுக்கு தன் கண்ண தானே குத்திக்கறான்ல, அத பாத்துட்டு ராத்திரி தூங்காதவன் நானு. படத்துல அந்த மாதிரி யாராவது யாருக்காவது எதையாவது இழக்கறாங்களா சொல்லு.

இவங்க பண்ணது என்னன்னா எல்லா நல்ல சரக்கையும் அடுத்த பார்ட்டுக்குன்னு பீரோல வெச்சு பூட்டிட்டாங்க. 12 ராசி வீட்டுக்கு காவல் நிக்கற தங்கக் கவசக்காரங்க 12 பேரு, அந்த வீடுங்க இருக்கற சாங்க்சுவரி, அங்க நேரம் காட்டற நெருப்புக் கடிகாரம், எல்லாம் அப்புறமாம். மொதல் படம் ஓடினாத்தானே அப்புறம்? சுமார் 6 கோடி டாலர் போட்டு எடுத்து உலகம் பூரா சேத்து 1 கோடி டாலர் கூட வரல. அடுத்த பார்ட்டாவது ஒண்ணாவது.

இன்னொரு விஷயம், ஹாலிவுட்காரன் கெடுத்துட்டான்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா அனிமே எடுத்த தோயே கம்பெனியே சேந்து எடுத்த படம்தான் இது. டைரக்டர் டோமெக் பாகின்ஸ்கி போலந்துக்காரரு, அனிமேஷன்லேந்து வந்தவரு, லைவ் ஆக்‌ஷன்ல முழுநீளப் படம் இதான் அவருக்கு மொதல். டிராகன்பால் அனிமேவ படமாக்கறேன்னு 2009ல வந்த டிராகன்பால் எவல்யூஷன் மாதிரி ஹீரோ கோக்குவ ஹைஸ்கூலுக்கு அனுப்பற அளவுக்கு அபத்தம் இதுல இல்ல, அத எழுதின பென் ராம்சே 2016ல வெளிப்படையா மன்னிப்பே கேட்டாரு. இது அந்த ரகம் இல்ல. திட்டறதுக்கு கூட ஒண்ணும் இல்லாம சப்புன்னு இருக்கு, அதான் கடுப்பு.

ஆரணி_வேஷக்காரன்

நான் அனிமே நெறைய பாக்கறவன் இல்ல, ஆனா இந்த கவச மேட்டர்ல எனக்கு ஒரு கருத்து இருக்கு. எங்க சித்தப்பா கூத்துல கர்ணன் வேஷம் கட்டுவாரு, சின்ன வயசுலேந்து கொட்டகைல உக்காந்து பாத்திருக்கேன். பாரதக் கூத்துல பெரிய வேஷக்காரன் சும்மா நடந்து வந்து நிக்க மாட்டான். ரெண்டு பேரு திரைய புடிச்சிக்கினு நிப்பாங்க, பின்னாடி சலங்கை சத்தம் மட்டும் கேக்கும், பாட்டு ஒரு பக்கம் போகும், கிரீடம் உச்சி மட்டும் திரைக்கு மேல லேசா ஆடும், ஜனங்க தூக்கம் கலைஞ்சு நிமிந்து உக்காருவாங்க, அப்புறம்தான் திரை விலகும், புஜகட்டையும் மார்பதக்கமும் லைட்டுல பளிச்சுன்னு அடிக்கும். அந்த நிமிஷத்துல எங்க சித்தப்பா கிடையாது, கர்ணன்தான்.

செய்யா அனிமேலயும் அதான் நடக்குது. முதுகுல சுமந்துக்கினு வந்த பெட்டி தெறந்து, உள்ள குதிரை உருவத்துல நிக்கற கவசம் துண்டு துண்டா பிரிஞ்சு கால், இடுப்பு, மார்பு, தோள், கடைசில தலைன்னு வந்து ஒட்டும். ஒவ்வொரு தடவையும் அதே சீனத்தான் போடுவான், நமக்கு சலிக்காது. ஏன்னா சாதாரணப் பையன் வேற ஆளா மாறற இடம் அது. படத்துல முழுக் கவசத்தோட அவன் நிக்கறதே கடைசி பக்கம்தான், அதுவும் இருட்டுல, கலரே மங்கி, வந்த வேகத்துல முடிஞ்சுது. வேஷம் கட்டாம கூத்து நடத்துனா யாரு விடிய விடிய உக்காருவா? தம்பி போன எடுத்ததுல தப்பே இல்ல.

குடியாத்தம்_ஜோரோ

எல்லாரும் சேந்து கும்மறீங்க, நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசறேன். ரெண்டு மணி நேரப் படத்துல 114 எபிசோட எப்படி அடக்குவான்? இதே மக்கென்யு அதே 2023 ஆகஸ்ட்ல ஒன் பீஸ்னு இன்னொரு அனிமேவோட லைவ் சீரிஸ்ல வாள்வீரன் ஜோரோவா வந்து தூள் கெளப்பினான், சரிதான், ஆனா அங்க அவனுக்கு 8 எபிசோட் இருந்துது, கதை எழுதின ஓடாவே கூட உக்காந்து பாத்துக்கினாரு. ஆளு ஜப்பான் சண்டை நடிகர் சன்னி சிபாவோட புள்ள, சண்டை ரத்தத்துல இருக்கு. செய்யா படத்துலயும் ஸ்டன்ட் ஆண்டி செங், ஜாக்கி சான் டீம்ல வளந்தவரு. ஆரம்பத்துல வர்ற கூண்டு சண்டைய தனியா போட்டு பாரு, நல்லாத்தான் இருக்கு. ஷான் பீன், ஃபாம்கே ஜான்சன்னு பெரிய ஆளுங்க வேற இருக்காங்க.

நான் ஒத்துக்கற குறை ஒண்ணுதான், காஸியோஸ். ஒரிஜினல்ல மொதல் எபிசோட்லயே செய்யாகிட்ட தோத்து ஒரு காத இழக்கற முரடன் அவன். அப்படிப்பட்டவன் பின்னாடி அந்த 12ல ஒண்ணான சிம்ம வீட்ல, தான் நேசிக்கற ஷைனாவுக்கு செய்யா மேல ஆசைன்னு தெரிஞ்சும், அவளுக்காக செய்யாவ காப்பாத்தி உயிர விடறான். அந்த சீனுக்கு எதிரியா இருந்தவனுக்கே அழுவோம் நாம. படத்துல அவன் கூண்டு சண்டை நடத்தற ரவுடி, அவ்ளோதான். நடிக்க வந்தது நிக் ஸ்டால் வேற, சும்மா வீணடிச்சிட்டாங்க.

ராணிப்பேட்டை_ரவுண்டானா

@குடியாத்தம்_ஜோரோ பாத்தியா, நீ சொன்னதும் நான் சொன்னதும் ஒண்ணுதான். 114ஐயும் அடக்க யாரு சொன்னா? சண்டை போடறவனுக்கு யாருக்காக போடறோம்னு ஒரு ஆளு வேணும்ல. ரெண்டு மணி நேரத்துல நாலு பசங்களையும் ஒரு வீட்டையும் மட்டும் எடுத்திருந்தா கூட போதும்.

@காட்பாடி_பெகாசஸ் எபிசோட் விஷயத்துக்கு வர்றேன். நேரா 41ஆவது எபிசோட் பக்கம் போயி ஆரம்பி. அதெனா நெஞ்சுல தங்க அம்பு பாயுது, 12 மணி நேரத்துல 12 வீட்டையும் தாண்டி மேல போயாகணும், இவ்ளோதான் விஷயம், முன்கதைய நீ வாய்லயே சொல்லிடலாம். 73ல அந்தக் கதை முடியுது. புடிச்சிருந்தா அவனே பின்னாடி போயி ஒண்ணாவதுலேந்து பாப்பான். ஆஸ்கார்ட் கதை அதுக்கப்புறம் வரும், டிவிக்காக அவங்களா சேத்தது, ஆனா மியூசிக்குக்காகவே பாக்கலாம்.

காட்பாடி_பெகாசஸ்

நன்றி தல, 41தான் கரெக்ட்டுன்னு தோணுது. நேத்து சாப்பாட்டு நேரத்துல தம்பிகிட்ட மெதுவா ஆரம்பிச்சேன், 12 வீடுன்னா மேஷத்துலேந்து மீனம் வரைக்கும் நம்ம ராசிங்கதான், ஒவ்வொரு ராசிக்கும் ஒரு தங்கக் கவசக்காரன் காவல்னு. அவன் கண்டுக்கல, ஆனா எங்கம்மா கரண்டிய வெச்சிட்டு திரும்பி "கன்னிக்கு யாருடா"ன்னு கேட்டுச்சு. ஷாகா, நம்ம நாட்டுக்காரன், கண்ண மூடிக்கினே இருப்பான், கண்ண தெறந்தா எதிரி காலின்னு சொன்னேன், அதுக்கு அம்மா, "கன்னி ராசிக்காரங்க அப்படித்தான் அமைதியா இருப்பாங்க"ங்குது. அம்மா ராசி கன்னிதான், சொல்லணுமா.

அதுக்கப்புறம்தான் தம்பி போன்லேந்து தலைய தூக்கி "விருச்சிகத்துக்கு யாரு"ன்னான். இந்த வாரமே போட்டுடறேன்.

ஆரணி_வேஷக்காரன்

யாருப்பா விருச்சிகம்? எனக்கும் அதே ராசி.

குடியாத்தம்_ஜோரோ

மைலோ. வெரல்லேந்து செவப்பு ஊசி விடுவான், மொத்தம் 15 குத்து, வானத்துல தேள் நட்சத்திரக் கூட்டம் எப்படி இருக்கோ அதே வரிசைல ஒடம்புல குத்துவான். நடுவுல நிறுத்தி, சரணடையறியா சாகறியான்னு கேப்பான். கடைசி குத்து பேரு அன்டாரெஸ், நம்ம கேட்டை நட்சத்திரம். ஹ்யோகாவ அத்தன குத்து குத்தியும் அவன் தவழ்ந்துக்கினே வர்றான் பாரு, அத உன் தம்பி பாக்கறப்ப போன புடுங்கி தூர வெச்சிடு.