வீட்டுக் கூட்டத்தில் "மனுஷர் தள்ளினாலும்..." பாடம்: எந்த வேதபகுதி, எப்படி எடுப்பது?

புதுத்திரி (கேள்வி)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வரும் வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டத்தில் 40 நிமிடப் பாடம் என் பொறுப்பு. மனுஷர் தள்ளினாலும் கர்த்தருடைய தயவை நம்புவது பற்றிப் பேச வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்று சொல்லிப்போன ஒரு சகோதரி, ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து வீட்டார் முகம் கொடுத்துப் பேசாத ஒருவர், இன்டர்வியூவுக்கு அலைந்து சோர்ந்த பையன்கள் எல்லாம் இருக்கிறார்கள். சங்கீதம் 27:10, சங்கீதம் 118:22, சகோதரர் விற்றுப்போட்ட யோசேப்பின் கதை ஆகியவற்றைக் குறித்து வைத்திருக்கிறேன். எல்லாருக்கும் மனப்பாடமான பகுதிகள். "ஆமென்" சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்களோ என்றுதான் தயக்கம். எப்படி எடுக்கலாம்? எதைத் தவிர்க்க வேண்டும்?

கல்தூண்

மூன்றையும் 40 நிமிடத்தில் திணிக்காதீர்கள். 27ஆம் சங்கீதம் ஒன்றே போதும், ஆனால் முழுதாக வாசியுங்கள். வாக்குத்தத்த அட்டையில் (வசனம் அச்சடித்துக் கொடுக்கும் அட்டை) 10ஆம் வசனம் மட்டும் அச்சாகி வரும்: "என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்." அதற்கு முந்தின 9ஆம் வசனத்தில் அதே ஆள் "உமது முகத்தை மறைக்காதேயும், என்னைக் கைவிடாதேயும்" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறான். 12இல் பொய்ச்சாட்சிக்காரர் எழும்பி நிற்கிறார்கள். 14இல் இன்னும் "காத்திரு" என்றுதான் முடிகிறது. முதல் 6 வசனங்களில் இருக்கிற தைரியம் 7இல் கூப்பிடுதலாக மாறுவதைக் காட்டிவிட்டால், அழுகிறவர்களுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்ற குற்ற உணர்வு அங்கேயே பாதி இறங்கிவிடும்.

அதன்பிறகு 13ஆம் சங்கீதத்தை மாதிரியாக வைத்து, ஆளுக்கொரு ஜெபம் எழுதவிடுங்கள். மொத்தமே 6 வசனம். 1, 2 முறையீடு ("எதுவரைக்கும்" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும்). 3, 4 விண்ணப்பம். 5, 6 நம்பிக்கை. ஆளுக்கு அரைத்தாள் கொடுத்து, முறையீட்டுக்கு நாலு வரி, விண்ணப்பத்துக்கு இரண்டு, நம்பிக்கைக்கு ஒரே வரி என்று சொல்லுங்கள். முறையீட்டில் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். "மனபாரமாயிருக்கிறது" என்பது போதாது, "நிறத்தைப் பார்த்து வேண்டாம் என்றார்கள்" என்று எழுதலாம். விண்ணப்பம் ஒரே ஒரு காரியமாக இருக்கட்டும். 12 நிமிடம் விடுங்கள். அவசரப்படுத்தினால் எல்லாரும் நேராக நம்பிக்கை வரிக்குத் தாவிவிடுவார்கள். தாளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லாதீர்கள், திரும்ப வாங்கவும் வேண்டாம்.

நடுச்சாமம்

யோசேப்பை எடுப்பதானால் ஒரு எச்சரிக்கை. பெரும்பாலும் அவன் எகிப்துக்கு அதிகாரியாகும் ஆதியாகமம் 41ஆம் அதிகாரத்தில் நின்றுகொண்டு பின்னோக்கிக் கதை சொல்கிறோம். வேலை தேடும் பையனுக்கு அதில் கேட்பது "நீயும் ஒருநாள் அதிகாரி ஆவாய்" என்பது மட்டும்தான். அப்படி யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

39ஆம் அதிகாரத்தில் நில்லுங்கள். கர்த்தர் யோசேப்போடே இருந்தார் என்பது 2, 3, 21, 23 வசனங்களில் வருகிறது. முதல் இரண்டும் அடிமையாக இருக்கும்போது, அடுத்த இரண்டும் சிறைக்குள். தயவு கிடைத்தது என்று 21 சொல்கிறது, ஆனாலும் கதவு திறக்கவில்லை! 17 வயதில் 20 வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டவன், எகிப்து ராஜாவான பார்வோன்முன் நிற்கும்போது வயது 30. சிறையில் உடனிருந்த, பார்வோனின் பானபாத்திரக்காரனிடம் "என்னை நினைத்துக்கொள்ளும்" என்று கேட்கவும் செய்தான் (40:14). அவன் மறந்துபோனான், இன்னும் இரண்டு வருஷம் போயிற்று. மனுஷனிடம் உதவி கேட்டதற்காக யோசேப்பைக் கடிந்துகொள்ளும் பிரசங்கங்கள் உண்டு. வசனத்தில் அந்தக் கடிதல் இல்லை.

சங்கீதம் 118:22ஐயும் ("வீடுகட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்லே, மூலைக்குத் தலைக்கல்லாயிற்று") "உன்னைத் தள்ளினவர்கள் உன் வாசலில் வந்து நிற்பார்கள்" என்று திருப்பிவிடாதீர்கள். பேதுரு அந்தக் கல்லை இயேசுவுக்குச் சொல்கிறார் (அப்போஸ்தலர் 4:11). நாம் அவரிடத்தில் சேர்க்கப்படும் ஜீவனுள்ள கற்கள் (1 பேதுரு 2:5). பழிவாங்கும் ஆசைக்குத் தீனி போட்டால் அந்த வெள்ளிக்கிழமை எழுப்புதலாகத் தெரியும், ஒரு மாசத்தில் கசப்பாகும்.

உப்பளம்

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் வந்திருக்கிறவர்களை வைத்துப் பார்த்தால் 27ஆம் சங்கீதம் மட்டும் போதாது என்றே நினைக்கிறேன். அது ஒரு மனுஷன் தேவனிடம் தனியாகப் பேசுவது. தள்ளப்பட்டவனுக்கு ஆட்களும் வேண்டும். 2 தீமோத்தேயு 4ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள், 10 நிமிடம் போதும். "எல்லாரும் என்னைக் கைவிட்டார்கள்", "கர்த்தரோ எனக்குத் துணையாக நின்றார்" என்று பவுல் எழுதுவது 16, 17இல். அதே அதிகாரத்தில் சீக்கிரம் வா, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, மேலங்கியையும் புஸ்தகங்களையும் கொண்டு வா, மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு என்று கேட்கிறார். கர்த்தர் துணை நின்றது மேலங்கிக்குப் பதில் அல்ல. இந்த மாற்குவைத்தான் அப்போஸ்தலர் 15இல் பவுல் கூட்டிக்கொண்டு போக மறுத்தார் என்பதையும் சொல்லுங்கள், நாமும் யாரையாவது தள்ளியிருப்போம்.

அந்தச் சகோதரி இருக்கும்போது லேயாள், அன்னாள் இருவரையும் எடுக்க வேண்டாம். இரண்டும் பிள்ளை பிறப்பதில் போய் நிற்கும், கேட்கிறவருக்குக் குத்தும். வீட்டார் ஒதுக்கிய சகோதரருக்கு யோவான் 9:34, 35 பொருந்தும்: இயேசு பார்வை கொடுத்த பிறவிக்குருடனை ஜெப ஆலயத்தார் புறம்பே தள்ளினார்கள், இயேசு அதைக் கேள்விப்பட்டு அவனைக் கண்டுபிடித்தார்.

ஜெபக் குறிப்பு கேட்கும்போது பெயர், வரன் வீட்டார் ஊர் எல்லாம் வெளியே வராமல் பாருங்கள். மறுநாள் காலை தெருவே பேசும். "இப்போதே மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்" என்று எழுப்பி நிறுத்தவும் கூடாது.

புதுத்திரி

மிக்க நன்றி. 27, 13, கடைசியில் தீமோத்தேயு என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம்: "நம்பிக்கை வரியை என்னால் எழுத முடியவில்லை, பொய்யாக இருக்கும்" என்று யாராவது சொன்னால்?

கல்தூண்

எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். 88ஆம் சங்கீதத்தில் அந்தத் திருப்பமே கிடையாது. சிநேகிதரும் அறிமுகமானவர்களும் விலகிப்போனதைச் சொல்லி 18ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது, அதுவும் ஜெபமாகவே வேதத்தில் இருக்கிறது. 13:5ஐ மற்றவர்கள் அவருக்காகச் சேர்ந்து வாசிக்கட்டும். கூட்டம் முடிந்ததும் ஒருவர் அவரோடு நடந்துபோகட்டும், வசனம் எதுவும் சொல்லாமல். வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி பேசினால் ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள். அன்றே வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லி, 14416 எண்ணுக்கு உடன் உட்கார்ந்து அழையுங்கள், அரசின் இலவச மனநல உதவி எண் அது. வீட்டில் அடி உதை என்று தெரிந்தால் "பொறுத்துப்போங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள், பெண்களுக்கு 181 இருக்கிறது.