கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் கடலுக்குள் இறங்கியபோது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்க

கோபிக்காரன்:

அந்தமான் ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா (முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் முங்குவது) பழக்கிவிடுபவர் கரையிலேயே சொன்ன முதல் விதி, "என்ன ஆனாலும் மூச்சை அடக்காதீங்க" என்பதுதான். (அரசாங்கப் பெயர் 2018 முதல் ஸ்வராஜ் தீவு, ஆனால் படகுக்காரர் எல்லாரும் இன்னும் ஹேவ்லாக் என்றுதான் சொல்கிறார்கள்.) நம் பக்கம் நீச்சல் என்றாலே மூச்சடக்குவதுதானே? முதுகில் சுரைப்புருடை கட்டித் தோட்டத்துக் கிணற்றில் இறக்கிவிடுவதில் ஆரம்பித்து, மோட்டார் ரூம் மேலிருந்து குதித்து அடிமண்ணை அள்ளிவந்து காட்டுகிற வரைக்கும், யார் ரொம்ப நேரம் முங்கிக் கிடக்கிறான் என்பதுதான் போட்டி. கொடிவேரியிலும் வாய்க்காலிலும் அதேதான். அந்தப் பழக்கத்தோடு கடலுக்குப் போகிற நம் ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கிணற்றில் நாம் மேலே இழுத்த மூச்சோடு உள்ளே போகிறோம். ஆழம் போகப்போக அந்தக் காற்று சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்கே வந்துவிடும். நெஞ்சுக்கு ஒன்றும் ஆகாது. கடலில் பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. சிலிண்டரிலிருந்து வாய்க்கு வரும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் நுரையீரலுக்குள் போகிறது. அங்கிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால் உள்ளே இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துபோகும். அதனால்தான் நிதானமாக இழுத்து நிதானமாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள். சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது நாம் இப்போது சுவாசிக்கிற இதே காற்றுதான், அழுத்தி அடைத்தது.

கையை வீசி அடிப்பதையும் விட வேண்டும். கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து காலை மெதுவாக அசைத்தால் பாதத்தில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸே தள்ளிக்கொண்டு போகும். உப்புத்தண்ணி கிணற்றுத்தண்ணியைவிடக் கனம், ஆளைத் தூக்கும். அதனால் இடுப்பில் ஈயக்கட்டி கட்டித்தான் இறக்குவார்கள். முதல் தடவை போகிறவர்களைப் பன்னிரண்டு மீட்டருக்குக் கீழே கூட்டிப்போவதில்லை. பழக்குபவர் நம் முதுகுச் சிலிண்டரைப் பிடித்தபடி கூடவே வருவார். நீச்சலே தெரியாதவர்களும் இப்படிப் போகலாம்.

உள்ளே போனதும் முதலில் என் கவனத்தில் பட்டது சத்தம். கடலடி அமைதியாக இருக்கும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. சுற்றிலும் கடுகு பொரிகிற மாதிரி படபடவென்று ஒரு சத்தம், விடாமல். பாறை இடுக்குகளில் இருக்கும் சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்குவதால் வருவது. நடுநடுவே கிளி மீன்கள் பவளப்பாறையைக் கறுக் கறுக்கென்று கடிப்பதும் நன்றாகக் கேட்டது. அவை கடித்து அரைத்து வெளியே விடுவதுதான் தீவுகளின் வெள்ளை மணலில் ஒரு பெரும்பங்கு.

அப்புறம் நிறம். பண்ணாரி கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறு என் மணிக்கட்டில் இருந்தது. கீழே போய்ப் பார்த்தால் அது கருப்பாகத் தெரிகிறது. தண்ணீர் முதலில் உறிஞ்சிவிடுவது சிவப்பு ஒளியைத்தான். பழக்குபவர் டார்ச் அடித்தார். கயிறும் சிவந்தது, பக்கத்தில் சாம்பலாகக் கிடந்த பாறையில் ஆரஞ்சும் ஊதாவுமாக உயிர்கள் தெரிந்தன. அத்தனை நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன்.

போய் வந்தவர்கள் எல்லாரும் எழுதுங்க. நல்லதும் எழுதுங்க, பயந்ததும் எழுதுங்க.

ஈரோடு, காது மூக்கு தொண்டை கிளினிக்கில் வேலை:

நல்லா எழுதியிருக்கீங்க அண்ணா. காதைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். அந்தமான் போய் வந்து காதுவலியோடு வருகிறவர்களை எங்கள் கிளினிக்கில் பார்க்கிறேன்.

செவிப்பறைக்கு உள்பக்கம் இருக்கும் காற்றறையிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு சின்னக் குழாய் போகிறது. கீழே இறங்கும்போது வெளியே தண்ணீர் அழுத்தும், உள்ளே இருக்கும் காற்று அதற்கு ஈடு கொடுக்காது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெல்ல ஊத வேண்டும். காதில் டப்பென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். முக்கியமான விஷயம், இதை வலி வருவதற்கு முன்பே செய்ய வேண்டும். முதல் சில மீட்டரில்தான் அதிகம் தேவைப்படும். வலி வந்த பிறகு பலமாக ஊதினால் செவிப்பறைக்குக் கேடு. கொஞ்சம் மேலே ஏறி, மறுபடி ஊதிப் பார்த்து இறங்க வேண்டும். இறங்கியே தீருவேன் என்று அடம் பிடிக்கக் கூடாது.

சளி பிடித்திருந்தால் அந்தக் குழாய் வீங்கி அடைத்திருக்கும். அன்றைக்கு இறங்கவே வேண்டாம். பணம் கட்டிவிட்டோமே என்று மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், பாதியில் மாத்திரையின் வேகம் குறைந்து மேலே வரும்போது அடைத்துக்கொள்ளும். ஆஸ்துமா, இதய நோய், கர்ப்பம் இதெல்லாம் படிவத்தில் கேட்பார்கள். உள்ளதை எழுதுங்க.

பொள்ளாச்சி மாப்பிள்ளை:

மீசைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கின் சிலிக்கோன் விளிம்பு மேலுதட்டில் தோலோடு ஒட்ட வேண்டும். மீசை இருந்தால் அந்த இடுக்கில் தண்ணீர் கசியும். எங்கள் மாமனுக்கு நல்ல அடர்த்தியான மீசை, எடுக்கச் சொன்னால் ஊருக்கே திரும்பிவிடுவார். பழக்குபவர் வேஸ்லினை மீசையின் மேல்பக்கம் தடவிவிட்டார், கசிவு பெரும்பாலும் நின்றது. மீதி வந்த தண்ணீரை மாஸ்க்கின் மேல் விளிம்பை அழுத்திப் பிடித்து மூக்கால் ஊதி வெளியேற்றக் கற்றுக்கொடுத்தார்கள். கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க எச்சில் தடவிக் கழுவுவதும் உண்மையிலேயே வேலை செய்கிறது.

இன்னொன்று, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் உள்ளே 'மேலே போகலாம்' என்று அர்த்தம். எல்லாம் சரி என்பதற்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். மாமன் ஒரு பெரிய மீன் கூட்டத்தைப் பார்த்து மகிழ்ச்சியில் கட்டைவிரலைத் தூக்க, அவரை மேலே கொண்டுவந்துவிட்டார்கள். "ஏந்தம்பி, இன்னும் பாக்கவே இல்லியே!" என்று கடல் நடுவில் கேட்டார். திரும்பவும் கூட்டிப்போனார்கள், பாவம் நல்ல பையன்கள். அதில் ஒருவர் தமிழ்தான், போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்தவராம்.

திருப்பூர், பின்னலாடைத் தொழில்:

நான் ஸ்கூபா போகவில்லை, எலிபண்ட் பீச்சில் ஸ்நார்கெல் (வாயில் மூச்சுக்குழாய் வைத்து மேலேயே மிதந்து பார்ப்பது) மட்டும்தான். அதுவே எனக்கு நிறைவாக இருந்தது. ஹேவ்லாக் படகுத்துறையிலிருந்து படகில் கூட்டிப்போவார்கள். கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே பாறை ஆரம்பிக்கிறது. முகத்தைத் தண்ணீரில் வைத்து மிதந்தாலே போதும்.

துணி பற்றிச் சொல்கிறேன், அது நமக்குத் தெரிந்த விஷயம். காட்டன் பனியன் போட்டுக்கொண்டு இறங்காதீங்க. நனைந்தால் கனக்கும், மேலே ஏறிச் சுருண்டுகொள்ளும், காய நேரமாகும். பாலியஸ்டரோ நைலானோ ஸ்பான்டெக்ஸ் கலந்த, முழுக்கை வைத்த, உடம்போடு ஒட்டிய துணி எடுங்க. ஸ்நார்கெலில் முகம் கீழே, முதுகு வெயிலுக்கு. தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் சுடுவதே தெரியாது. எங்களுடன் வந்தவர்களுக்குப் பின்கழுத்தும் கெண்டைக்காலும் இரண்டு நாள் எரிந்தன. சன்ஸ்கிரீனை வாரிப் பூசுவதைவிடத் துணியால் மூடுவது மேல், சில கிரீம்களில் இருக்கும் ஆக்ஸிபென்சோன் பவளத்துக்கு ஆகாது.

காங்கேயம் மருமகள்:

எங்கள் அத்தைக்கு அறுபது தாண்டிவிட்டது. கிணற்றை எட்டிப் பார்த்ததோடு சரி, நீச்சல் தெரியாது. "நீங்க எல்லாம் போய்ட்டு வாங்க கண்ணு, நான் இங்கியே உக்காந்துக்கறேன்" என்றார்கள். போர்ட் பிளேர் பக்கத்து நார்த் பேயில் கடலடி நடை இருப்பது தெரிந்து, நான்தான் பேசிச் சம்மதிக்க வைத்தேன். பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்னால் தென்னை மரங்களோடு இருக்கும் காட்சி அந்த இடம்தான்.

பெரிய தலைக்கவசத்தைத் தோளில் வைப்பார்கள். மேலே படகிலிருந்து குழாய் வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கும். தலை நனையாது, அத்தை மூக்குக்கண்ணாடியோடே இறங்கினார்கள். சுடிதார்தான் போட்டிருந்தார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏணியில் ஒவ்வொரு படிக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கீழே மணலில் கால் வைத்ததும் மஞ்சளும் கருப்புமாகக் கோடு போட்ட மீன்கள் கவசக் கண்ணாடிக்கு நேராக வந்து நின்றன. அத்தை இரண்டு கையையும் அகல விரித்தார்கள். அந்த முகத்தை நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்ததில்லை. வயசானவங்களைக் கரையில் உட்கார வைத்துவிட்டுப் போகாதீங்க. ரத்த அழுத்தம், இதயம் எல்லாம் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, முடியும் என்றால் கூட்டிப்போங்க.

கோவை:

நம் ஊரிலிருந்து பார்த்தால் லட்சத்தீவும் பக்கம். கொச்சியிலிருந்து கப்பலோ, அகத்திக்கு விமானமோ. அனுமதிச்சீட்டு கண்டிப்பாக வேண்டும், முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்க. பேச மலையாளம் கொஞ்சம் தெரிந்தாலே போதும், பாலக்காட்டுப் பக்கம் பழக்கம் உள்ளவர்களுக்குக் கஷ்டமே இல்லை.

அகத்தியில் தீவைச் சுற்றிப் பவளத்திட்டு அரணாக நிற்கிறது, உள்ளே இருக்கும் காயல் போன்ற பகுதியில் அலையே இல்லை. அங்கே ஒரு பச்சை ஆமை கடற்புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. நான் மேலே மிதந்தபடி அசையாமல் இருந்தேன். தலையைச் சாய்த்துப் புல்லைப் பறிக்கும், மெல்லும், நகரும். ஓட்டின் மேல் பாசியும் அதைக் கொத்தும் சின்ன மீன்களும். மூச்சுக்கு மேலே வந்தபோது என் கைக்கு எட்டும் தூரம். ஒரு தடவை புஸ்ஸென்று விட்டுவிட்டு மறுபடி கீழே போய்விட்டது. தொடவும் துரத்தவும் கூடாது, மூச்செடுக்க வருவதைத் தடுத்தால் அதற்கு உயிர்ப் பிரச்சினை.

ஊர் மீனவர் ஒருவர் சொன்னது யோசிக்க வைத்தது. ஆமைகள் பெருகிப் புல்லை மேய்ந்து தீர்ப்பதால் மீன் குறைகிறது என்று அவர்களுக்கு மனக்குறை. நமக்கு அது அதிசயம், அவருக்கு அது சோறு. அவர் பேச்சை நான் மறுக்கவில்லை.

சத்தியமங்கலம்:

நான் ஸ்கூபாவில் ஓப்பன் வாட்டர் என்கிற முதல் நிலைப் பாடம் முடித்தவன், பதினெட்டு மீட்டர் வரை போகலாம். இருநூறு மீட்டர் நீந்தவும் பத்து நிமிஷம் மிதக்கவும் சொன்னார்கள். அங்கே கிணறு கைகொடுத்தது.

பயந்த கதை கேட்டீங்களே. டைட்டன் ட்ரிக்கர் என்று ஒரு மீன், ஆள் முழங்கை நீளத்துக்கு மேல் வளரும், பல் முன்னால் துருத்தியிருக்கும். மணலில் முட்டையிட்டுக் காவல் காக்கும் காலத்தில் யாரையும் விடாது. அது காக்கும் இடம் கூடு உள்ள புள்ளியிலிருந்து மேலே போகப்போக அகலமாகிக்கொண்டே போகும். அதனால் மேலே தப்பிக்கப் பார்த்தால் அதன் எல்லைக்குள்ளேயேதான் இருப்போம். பக்கவாட்டில் விலக வேண்டும். அது என் ஃபின்ஸைக் கடித்து இழுத்தபோது கிணற்றுப் புத்தி 'மேலே ஏறு' என்றது. கூட வந்தவர் தோளைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துப் போனார். ஃபின்ஸில் பல் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது.

உடுமலை டீச்சர்:

எனக்கு ஒரு ஆதங்கம், சொல்லிவிடுகிறேன். ஒரு தீவில் எங்களைக் கூட்டிப்போன ஆள், படம் எடுப்பதற்காகக் கிளை கிளையாக வளர்ந்த பவளத்தின் மேலேயே ஏறி நின்றார். காலடியில் ஒடிந்தது. பிஸ்கட்டைத் தூளாக்கித் தூவி மீனைக் கூட்டினார். கேட்டதற்கு "எல்லாரும் இப்படித்தான் மேடம்" என்றார். கிளைப்பவளமே வருஷத்துக்கு அதிகம் போனால் பத்து சென்டிமீட்டர் வளரும், பாறை மாதிரி உருண்டையாக இருப்பது ஒரு சென்டிமீட்டர் அளவுதான். 2010இல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. அதிலிருந்து மீண்டு நிற்பதை நாம் மிதிக்கலாமா?

இதற்கு நேர்மாறாக அந்தமானின் ஜாலி பாய் தீவு. வண்டூர் என்ற ஊரிலிருந்து படகு. பிளாஸ்டிக் எதையும் ஏற்ற விடவில்லை, பையைத் திறந்து பார்த்தார்கள். அதையும் ரெட் ஸ்கின் தீவையும் மாற்றி மாற்றித்தான் திறக்கிறார்கள், கடலுக்கு ஓய்வு கிடைக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன்பே "பவளத்தில் நிற்க மாட்டீங்களே, மீனுக்குத் தீனி போட மாட்டீங்களே" என்று கேளுங்க. நாம் கேட்டால்தான் அவர்கள் மாறுவார்கள். கரையில் கிடக்கும் பவளத்துண்டையும் எடுத்துவராதீங்க, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தாராபுரம்:

அண்ணா, பொண்ணுக்குப் பதினொண்ணு நடக்குது. கிணத்துல நல்லா நீந்துவா. ஸ்கூபா விடுவாங்களா? எந்த மாசம் போகலாம்?

கோபிக்காரன்:

பத்து வயது முடிந்திருந்தால் விடுவார்கள் தம்பி. ஆனால் பாப்பாவே ஆசைப்பட வேண்டும், நாம் தள்ளிவிடக் கூடாது. மே மாதத்தில் மழைக்காலம் ஆரம்பித்துவிடும், அதனால் பள்ளி முழுப்பரீட்சை லீவில் போவதென்றால் ஏப்ரல் கடைசிக்குள் திரும்பிவிடுங்க. இல்லாவிட்டால் அரையாண்டு லீவு, கூட்டமும் கட்டணமும் அதிகம். திரும்பும் விமானத்துக்கு முன்தினம் ஸ்கூபா வைக்காதீங்க. ஒரு தடவை மட்டும் இறங்கினால் பன்னிரண்டு மணி நேரம், பல தடவை என்றால் பதினெட்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அந்த நேரம் தேவை. நான் போனபோது ஸ்கூபாவை முதலிலும் ஊர் சுற்றுவதைக் கடைசியிலும் வைத்துக்கொண்டேன். காதுக்கு ஊதும் பயிற்சியை இங்கேயே கிணற்றில் பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுங்க, நீங்களும் கூட இறங்கிக்கொண்டு.