டி-ஷர்ட்டில் அரபி எழுத்து: ஸ்கிரீன் போடுமுன் தெரிந்தவர்கள் சொல்லுங்க

பனியன் டிசைனர், திருப்பூர்

வணக்கம்ங்க. இங்கே ஒரு பிரிண்டிங் யூனிட்டில் ஆர்ட்வொர்க் பார்க்கிறேன். வளைகுடா பையருக்கு ஒரு டி-ஷர்ட் ஆர்டர், நெஞ்சில் ஒரு வரி அரபியில் வரணும். மெர்சண்டைசர் அனுப்பிய வரி வாட்ஸ்அப்பில் கோத்துக்கொண்டு அழகாக நிற்கிறது, அதையே காப்பி பண்ணி டிசைன் சாஃப்ட்வேரில் போட்டால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகப் பிரிந்து, வரிசையும் தலைகீழாக வருது. முதுகுப் பக்கத்துக்கு ஒரு போட்டோ வந்திருக்கு, ஏதோ பள்ளிவாசல் சுவரில் வட்டமாக எழுதியது, 'இதே மாதிரி வேணும்' என்கிறார்கள். அப்படியே டிரேஸ் எடுத்துவிடலாமா? பெரிசு பண்ணிப் பார்த்தேன், ஒரு வளைவு எங்கே தடிமனாகி எங்கே மெலிகிறது என்பதில் ஒரு கணக்கு இருக்கிற மாதிரி படுது, ஆனா அது என்னன்னு பிடிபடலை. இந்த அரபி எழுத்துக் கலையைப் பற்றித் தெரிந்தவர்கள் விளக்கினால் நல்லா இருக்கும். ஸ்கிரீன் இன்னும் எக்ஸ்போஸ் பண்ணலைங்க, அதாவது அச்சுச் சட்டத்தில் டிசைனை இன்னும் பதிக்கலை.

கோட்டைமேட்டுக்காரன், கோவை

நிறுத்தி வைத்தது நல்லதுங்க. அரபியில் 28 எழுத்து, வலமிருந்து இடம். சொல்லின் தொடக்கம், நடு, கடைசி, தனி என்று இடத்துக்குத் தகுந்த மாதிரி உருவம் மாறும். அலிஃப், தால், தால் மேல் புள்ளி வைத்த இன்னொன்று, ரா, ஸா, வாவ் என்று ஆறு எழுத்து மட்டும் தனக்குப் பின்னால் வருவதோடு சேராது, மற்றதெல்லாம் கை கோத்தே நிற்கும். உங்கள் சாஃப்ட்வேரில் மத்திய கிழக்கு மொழிகளுக்கான செட்டிங் தனியாக இருக்கும், அதை ஆன் பண்ணுங்க, தானாகச் சேர்ந்துவிடும். அப்புறம் நெஞ்சு அகலத்துக்கு வரியை நீட்டணும் என்று இங்கிலீஷுக்குச் செய்கிற மாதிரி எழுத்துக்கு நடுவே இடைவெளி விட்டுவிடாதீங்க, சேர்ந்த எழுத்து அறுந்துபோகும். அரபியில் எழுத்துகளைச் சேர்க்கிற கோட்டைத்தான் இழுத்து நீட்டுவார்கள், அதற்குக் கஷீதா என்று பேர்.

முதுகுப் பக்க விஷயம்தான் பெரிது. பள்ளிவாசல் சுவரில் இருப்பது பெரும்பாலும் குர்ஆன் வசனமாக இருக்கும். டி-ஷர்ட் என்றால் வியர்வை, அழுக்குத்துணிக் கூடை, கழிவறை எல்லாம் வருமே. வசனம் எழுதிய தாளையே கீழே விழாமல் பார்த்துக்கொள்கிற வீடுகள் எங்களுடையது. 1994-இல் பாரிஸில் ஷனேல் கம்பெனி கவுனில் குர்ஆன் வரிகள் வந்து பெரிய கொந்தளிப்பு ஆச்சு. தாஜ்மஹால் பற்றிய ஒரு புத்தகத்திலிருந்து எடுத்தது, காதல் கவிதை என்று நினைத்தோம் என்றார் டிசைனர் கார்ல் லாகர்ஃபெல்டு. கம்பெனி மன்னிப்புக் கேட்டு அந்த உடுப்புகளை அழித்தது. என்ன எழுதியிருக்கிறது என்று அரபி படித்த ஒருத்தரிடம் வாசிக்கச் சொல்லாமல் ஒரு பீஸ்கூட ஓட்டாதீங்க. பையரே அரபியாக இருந்தாலும் சரி, எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்க.

போர்டு எழுதுபவர், ஈரோடு

தம்பி, நீங்க கேட்ட கணக்குக்கு வரேன். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்னே இங்கே பள்ளிவாசல், தர்கா போர்டெல்லாம் நாங்கதான் எழுதுவோம், ஹஜ்ரத், அதாவது பள்ளிவாசல் ஆலிம், காகிதத்தில் எழுதித் தருவார், அதைப் பார்த்துப் பெரிசாகப் போடணும். அப்போது ஆரம்பித்த ஆசை இது, இன்னும் விடலை.

நாணல் தட்டையைச் சாய்வாகச் சீவியதுதான் அவர்கள் பேனா, கலம் என்பார்கள். அதைத் தாளில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் வைரம் மாதிரி சாய்சதுரப் புள்ளி விழும். அந்தப் புள்ளிதான் அளவுகோல். துலுத் என்கிற பெரிய பாணியில் அலிஃப் வழக்கமாக ஏழு புள்ளி உயரம், நூன் என்கிற எழுத்தின் வயிறு எவ்வளவு இறங்கணும், எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அதே புள்ளியில்தான். பேனா பருமனாக இருந்தால் புள்ளியும் பெரிசு, எழுத்தும் பெரிசு, விகிதம் மாறாது. எங்கள் வேலையில் பிரஷ் அகலத்தை வைத்து எழுத்துக்குக் கட்டம் பிடிக்கிறது இல்லையா, அதேதான், ஆனா இங்கே ஒரு மயிரிழைகூட விடமாட்டார்கள். தடிப்பும் மெலிவும் அந்தச் சீவலின் சாய்வினால் வருவது, கை அழுத்தத்தால் அல்ல. அதனால் டிரேஸ் எடுக்கும்போது ஓரத்தைக் கொஞ்சம் மழுக்கினாலும் கலம் எந்தச் சாய்வில் போனது என்பதே தொலைந்துவிடும், தெரிந்தவர் கண்ணுக்கு உடனே உறுத்தும்.

இந்த அளவை வகுத்தவர் பாக்தாதின் இப்னு முக்லா. மூன்று கலீஃபாக்களுக்கு அமைச்சராக இருந்தவர். அரசியல் பகையில் வலது கையை வெட்டினார்கள், முன்கையில் கலத்தைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்று சொல்வார்கள், 940-இல் சிறையிலேயே இறந்தார். இவர் எழுதியது என்று உறுதியாகச் சொல்ல இன்று ஒரு தாளும் மிஞ்சவில்லை, இவர் போட்ட விதி மட்டும் நிற்கிறது. அவருக்குப் பின் இப்னுல் பவ்வாப், 1000-ஐ ஒட்டி அவர் எழுதிய குர்ஆன் பிரதி இப்போது டப்ளினில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கு. தாஜ்மஹாலில் எழுதியவர் அமானத் கான், ஷிராஸ்காரர். மேலே போகப் போக எழுத்தைப் பெரிசாக்கி, கீழே நின்று பார்த்தால் ஒரே அளவாகத் தெரிகிற மாதிரி செய்திருக்கிறார். உயரத்தில் போர்டு எழுதின எவனுக்கும் அதன் அருமை தெரியும்.

நொய்யல்

இவ்வளவு எதுக்குங்க? நல்ல ஃபான்ட் காசு கொடுத்து வாங்கினா முடிஞ்சுது. இப்ப யார் கையால எழுதறாங்க?

போர்டு எழுதுபவர், ஈரோடு

நெஞ்சில் வருகிற ஒரு வரிக்கு ஃபான்ட் போதும், அதை நானும் மறுக்கலை. நஸ்க் என்கிற, புத்தகங்களில் வருகிற பாணியில் நல்லதாக வாங்கிக்கலாம். வட்டத்துக்குள் அடைக்கிற வேலை அப்படி இல்லை. எந்த எழுத்தை எதன் மேல் ஏற்றணும், எதை இழுத்துக் காலி இடத்தை மூடணும் என்று எழுதுகிறவர்தான் தீர்மானிக்கணும். கையால் எழுதுகிறவர்கள் நிறைய பேர் இருக்காங்க. 2021-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 16 நாடுகள் சேர்ந்து இதைப் பதிந்திருக்கு. துருக்கி தனியாகப் பதிந்தது. அங்கே இன்றைக்கும் குருவிடம் வருஷக்கணக்கில் எழுதிக் காட்டி, அவர் இஜாஸா என்கிற அனுமதிச் சான்று கொடுத்த பிறகுதான் தன் பேரைப் போட்டுக் கையெழுத்து வைப்பார்கள். அவ்வளவு தூரம் போவானேன், சென்னை திருவல்லிக்கேணியில் 1927-இல் தொடங்கிய 'தி முஸல்மான்' உருது நாளிதழைக் கையால் எழுதி அச்சடித்துதானே பேர் வாங்கினார்கள்.

கோட்டைமேட்டுக்காரன், கோவை

அண்ணா சொன்னது சரி. எங்க நன்னிம்மாவுக்கு, அதாவது பாட்டிக்கு, தமிழ் எழுத்து வாசிக்கவே வராது, ஆனா அரபுத்தமிழ்ப் புத்தகத்தை, அதாவது தமிழை அரபி எழுத்தில் எழுதியதை, சரளமாக வாசிப்பாங்க. நம்ம ழ, ள, ங இதுக்கெல்லாம் அரபி எழுத்திலேயே கூடுதல் புள்ளி போட்டு உருவாக்கியிருந்தாங்க. இது நமக்கும் அந்நியமான எழுத்து இல்லை.

பனியன் டிசைனர், திருப்பூர்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். செட்டிங் மாற்றியதும் நெஞ்சு வரி சேர்ந்துவிட்டது. போட்டோவைப் பக்கத்துப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் காட்டினேன், வசனம்தான் என்றார். பையரிடம் சொல்லி முதுகுப் பக்கத்துக்கு வெறும் எழுத்துருவங்களை மட்டும் வைத்து, சொல்லாக வாசிக்க வராத மாதிரி ஒரு டிசைன் பண்ணலாம் என்று கேட்டிருக்கேன். ஈரோட்டு அண்ணா, அதை நீங்க எழுதித் தருவீங்களா?

போர்டு எழுதுபவர், ஈரோடு

தரேன் தம்பி. 20ஆம் நூற்றாண்டில் அரபு ஓவியர்களே அப்படி எழுத்தை மட்டும் எடுத்துப் படமாக வரைந்தார்கள், ஹுரூஃபிய்யா என்பார்கள். முதுகு பிரிண்ட் அளவையும் எத்தனை கலர் என்பதையும் தனிச்செய்தியில் அனுப்புங்க. நான் எழுதியதை ஹஜ்ரத்திடம் ஒருமுறை காட்டிவிட்டு ஸ்கேன் பண்ணுங்க, தற்செயலாக ஏதாவது சொல் அமைந்திருந்தால் அவர் கண்ணில் படும்.