தோல் ஷாப் கழிவுத்தண்ணி செலவு: கடைசில யார் தலையில விழணும்?

பாலாத்தங்கரை:
எல்லாருக்கும் வணக்கம். வாணியம்பாடி பக்கம் எங்க நிலம், தோல் ஷாப் கழிவு எறங்கி கெணத்துத் தண்ணிய வாயில வெச்சா கரிக்குது, தென்னை கூட தாங்கல. சித்தப்பா ஆம்பூர்ல ஜாப் வொர்க் (மத்தவங்க தோல கூலிக்கு பதப்படுத்திக் குடுக்கறது) எடுக்கற சின்ன தோல் ஷாப்ல, அதாவது டேனரில, தோல போட்டு சுத்தற டிரம் ஓட்றாரு. ஒரு சொட்டு கழிவு கூட வெளிய போகக்கூடாதுன்னு ரூல் வந்ததுலேர்ந்து ஆர்.ஓ. (தண்ணிலேர்ந்து உப்ப வடிகட்டற மிஷின்), எவாப்பரேட்டர் (மிஞ்சற உப்புத்தண்ணிய காய்ச்சி வத்த வெக்கற மிஷின்)னு செலவு ஏறிகினே போகுது, ஓனருக்கு கிலோவுக்கு இவ்ளோன்னு கூலிதான் வருது, அதுல எங்க போய் இத சேக்கறது, இழுத்து மூட வேண்டியதுதான்னு சித்தப்பா சொல்றாரு. அந்த செலவத்தான் இத்தன வருஷமா நம்ம நிலத்துலேர்ந்து கட்டிகினு இருக்கோம்னு அப்பா சொல்றாரு. எனக்கு ரெண்டுமே நியாயமா படுது. எகனாமிக்ஸ் தெரிஞ்சவங்க சொல்லுங்க, இத யார் ஏத்துக்கணும்?

காட்பாடி வாத்தியார்:
தம்பி, உங்க அப்பா சொன்னது கோர்ட்டே சொன்னது. 1996 ஆகஸ்ட் 28ல சுப்ரீம் கோர்ட் வேலூர் குடிமக்கள் நலமன்றம் வழக்குல, மாசுபடுத்தினவன்தான் நஷ்டத்தையும் கட்டணும் கெட்டுப்போன மண்ணு தண்ணிய சரி பண்ற செலவையும் கட்டணும்னு தீர்ப்பு குடுத்தது, இந்தியா பூரா இன்னிக்கும் அதத்தான் எடுத்துக் காட்றாங்க. சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாவோ முழுசாவோ பாழாயிடுச்சுன்னு அந்த தீர்ப்புலயே இருக்குது. செலவு புதுசா வரலப்பா, முன்னாடி உங்க கெணத்துல இருந்தது, இப்ப ஓனர் கணக்குப் புஸ்தகத்துக்கு மாறுது. ஆனா அதே தீர்ப்புல ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபா அபராதம்னு ஒரே அளவா போட்டாங்க, எனக்கு அதுல ஒப்புதல் இல்ல. நூறு தோல் போட்றவனும் பத்தாயிரம் தோல் போட்றவனும் ஒரே தொகை கட்டினா, கழிவக் கொறைக்கணும்னு யாருக்குத் தோணும்?

மேல்விஷாரம் பாய்:
சார் சொல்றது கரெக்ட், ஆனா அசல் வில்லன் உப்பு. பச்சைத் தோல் கெட்டுப்போகாம இருக்க, அதோட எடையில கிட்டத்தட்ட 40 சதவீதம் உப்பு போட்டு வரும். ஊற வெச்ச மொத தண்ணிலயே அதுல பெரும்பங்கு கரைஞ்சு எறங்கிடும். பல ஷாப் சேந்து கழிவ அனுப்பற பொது சுத்திகரிப்பு நிலையத்துல பாக்டீரியா விட்டு நாத்தத்தையும் அழுக்கையும் எடுக்கலாம், உப்ப எடுக்கவே முடியாது. டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்கற உப்பு, லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும்னு ரூல், அதுக்குத்தான் ஆர்.ஓ., அதுல மிஞ்சறத காய்ச்ச எவாப்பரேட்டர், அதுக்கு வெறகும் கரண்டும். கடைசில மூட்டை மூட்டையா கலப்பட உப்பு குவிஞ்சு கெடக்கும், வாங்க ஆளே கெடையாது.

இப்ப விஷயம் என்னன்னா, பல எடத்துல எத்தன கிலோலிட்டர் அனுப்பினன்னு பாத்துத்தான் கட்டணம். அதனால தண்ணிய மட்டும் மிச்சம் பண்றாங்க, உப்பு அதே உப்பு. ஊற வெக்கறதுக்கு முன்னாடி மரச் சட்டத்துல தோல அடிச்சு உதறினா ஒரு பங்கு உப்பு அங்கயே கொட்டிடும், ரெண்டு ஆள் கூலிதான் செலவு. உப்பு எடைக்கு காசு கேட்டா உங்க சித்தப்பா ஓனரே நாளைக்கு காலைல ஆள் போட்டு உதறுவாரு. எவாப்பரேட்டர்ல காய்ச்சறதோட பாத்தா இது ஒண்ணுமே இல்ல.

பாலாத்தங்கரை:
பாய், உப்ப யார் அளக்கறது? மழை பேஞ்சா ராத்திரில கழிவத் தெறந்து விட்றாங்கன்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்களே.

காட்பாடி வாத்தியார்:
நல்ல கேள்வி. குஜராத்ல இத சோதிச்சே பாத்தாங்க. அங்க கழிவ அளந்து ரிப்போர்ட் குடுக்கற ஆடிட்டருக்கு கம்பெனியே சம்பளம் குடுத்துகினு இருந்தது, ரிப்போர்ட் எல்லாம் லிமிட்டுக்கு ஒரு நூல் கீழயே வந்துகினு இருந்தது. சில கம்பெனிகளுக்கு மட்டும் குலுக்கல் முறைல ஆடிட்டர அனுப்பி, பொது நிதிலேர்ந்து சம்பளம் குடுத்து, அவங்க அளந்தத மறுபடி இன்னொருத்தர் சரிபாத்தாங்க. ரிப்போர்ட் உண்மையா வந்தது, அதோட கழிவும் கொறஞ்சது. 2019லேர்ந்து சூரத்ல புகைக்கு மீட்டர் வெச்சு, விடற அளவுக்கு பர்மிட் வாங்கி விக்கற சந்தையும் நடத்தறாங்க. உப்புக்கு அந்த சந்தைய அப்படியே கொண்டாரக் கூடாதுன்னு நெனைக்கறேன், ஒருத்தர் பர்மிட் வாங்கி குவிச்சா அவரு பக்கத்து ஊரு கெணறு மட்டும் மொத்தமா போயிடும். மீட்டரும் பொது நிதி சம்பளமும் மட்டும் இங்க வந்தா போதும்.

ராணிப்பேட்டைக்காரன்:
ஒண்ணு விட்டுட்டீங்க. கம்பெனியே இல்லாம போனா யார்கிட்ட போய் கேப்பீங்க? எங்க ஊர்ல தமிழ்நாடு குரோமேட்ஸ்னு ஒரு கெமிக்கல் கம்பெனி மூடினது 1990கள்ல, ஒண்ணரை லட்சம் டன்னுக்கு கொறையாம குரோமியம் கழிவு அங்கயே கெடந்தது, மழை பேஞ்சா மஞ்சளா ஒழுகும். கட்ட வேண்டியவன் போயிட்டான், பில்லு அரசாங்கத்துக்கு. 2025 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் நஷ்டஈட்ட அரசாங்கம் மொதல்ல குடு, அப்புறம் டேனரிகள்கிட்ட வசூல் பண்ணுன்னுதான் சொல்லிச்சு. வசூல் ஆவறதுக்குள்ள எத்தன ஷாப் பேர் மாறிடும்னு பாருங்க. லைசென்ஸ் குடுக்கும்போதே சுத்தம் பண்ற செலவுக்கு ஒரு டெபாசிட் வாங்கி பேங்க்ல போட்டுடணும், ஒழுங்கா நடத்தி மூடினா வட்டியோட திருப்பிக் குடுங்க. சின்ன ஷாப்புக்கு மொத்தமா கட்ட முடியாதுன்னா வருஷா வருஷம் கொஞ்சமா கட்டட்டும். ஜாப் வொர்க் ஷாப்ல அந்த டெபாசிட்ல ஒரு பங்கு தோலக் குடுக்கற பெரிய எக்ஸ்போர்ட்டர் போடணும், லாபம் அங்கதான இருக்குது.