அம்மாவோட கொஞ்ச நேரம் இருக்க ஆராவது வருவீங்களா?

மட்டக்களப்பு உறவுகளே, ஒரு உதவி.

தம்பி காணாமப் போனது 2008இல. அதுக்குப் பிறகு ஏலுமான வருசமெல்லாம் அம்மா ஆயித்தியமலை சதா சகாய மாதாட்ட நடந்தே போவா. ஒரு பதிலும் இல்ல. போன மாசம் செபமாலைய அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டா. “கேட்டுக் கேட்டு வாய் காஞ்சு போச்சு மகள்” எண்டு மட்டும் சொன்னா.

அவவுக்குப் புத்தி சொல்ல எனக்கு மனமில்ல. வேதாகமத்தில 13ஆம் திருப்பாடல் ‘எவ்வளவு காலம்’ எண்டு நாலு தரம் கேக்குது. 88ஆவது இருட்டிலயே முடியுது. அழுகையும் கோபமும் செபம்தான் எண்டு நான் நம்புறன். ஆனா மகள் சொல்லி அம்மா கேக்கமாட்டா.

இப்பிடிக் காத்திருந்தும் ஆண்டவர விடாமப் பிடிச்சிருக்கிற தாய்மார் ஆரும் இருந்தா இன்பொக்ஸ்ல சொல்லுங்க. ஒரு பின்னேரம் பக்கத்தில வந்து இருந்தாலே போதும். கூட்டிவர நானே வாறன்.